ஒன்றரைக் கை வாள் ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா?

தக்கலைக்காரன்: அண்ணம்மாரே, நாகர்கோவில்ல பழைய சாமான் விக்கிற ஒருத்தர்ட்ட நீளமா ஒரு ஐரோப்பா வாள் கெடக்கு, ரெண்டு கையாலயும் பிடிக்கலாம், குளச்சல் சண்டையில டச்சுக்காரன் போட்டுட்டு ஓடுனதுன்னு சொல்லுதாரு, நம்பலாமா?

வேணாட்டு வாள்: தம்பி, அந்தக் கதைய மட்டும் நம்பாத. திருவிதாங்கூர் படை டச்சுக்காரன தோக்கடிச்ச குளச்சல் சண்டை 1741-ல. ஒன்றரைக் கை வாள், அதான் ஒத்தக் கையாலயும் ரெண்டு கையாலயும் வீசுற நீள வாள், 14, 15-ம் நூற்றாண்டு சாமான், உடம்ப மூடுற இரும்புத் தகட்டுக் கவசம் வந்ததும் அதோட இடுக்குல குத்தணும்னு முனைய கூராக்குனாவ. டச்சுக்காரன் காலத்துல துப்பாக்கியும் சின்ன வாளுந்தான். நெசமான வாள் பாக்க பெருசா இருந்தாலும் ஒன்றரைக் கிலோ பக்கந்தான் வரும், மூணு கிலோ கனத்துச்சுன்னா சுவத்துல மாட்டச் செஞ்சது. 19-ம் நூற்றாண்டுல ஐரோப்பாவுலயே நகல் அடிச்சுத் தள்ளியிருக்கான், அதுவும் இப்ப துருப்பிடிச்சு பழசு மாதிரிதான் இருக்கும்.

குளச்சல் கடலோரம்: அலகுல ஓடுற ஓநாய் முத்திரை இருக்கான்னு பாருங்க, ஜெர்மனியில பஸாவ், சோலிங்கன் ஊர்க் கொல்லர் அடையாளம். ஆனா அதயும் போலியா வெட்டுவான், அதனால முத்திரைய விட கைப்பிடிக் குமிழப் பாருங்க, அலகோட வாலு, அதான் கைப்பிடிக்குள்ள போற பாகம், குமிழ் வழியா ஏறி நுனி அடிச்சு மடக்கியிருக்கணும், நட்டு போல்ட்டு இருந்தா பெரும்பாலும் புதுசு. ஐரோப்பா அலகுல நம்மூர் கைப்பிடி போட்ட ஃபிரங்கி வாளா இருந்தா அது வேற விஷயம், எனக்கு அதுதான் கூட ஆசை.

வேணாட்டு வாள்: இன்னொண்ணு, 1959 ஆயுதச் சட்டத்துல வாளும் வரும், துட்டு குடுக்க முன்ன ஒரு வக்கீல்ட்ட கேட்டுக்க. நூறு வருசம் தாண்டுனது 1972 தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு விக்க முடியாது.

தக்கலைக்காரன்: குமிழ்ல நட்டு இருக்கு அண்ணே 😂