போடியாருக்கு விசில் அடித்தது யார்?

வாவிக்கரையான், மட்டக்களப்பு:
'கத்தி' (2014), 'காலா' (2018) வந்த பிறகு தமிழ் சினிமா இடதுபக்கம் திரும்பிவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. 'சின்னக் கவுண்டர்', 'எஜமான்', 'நாட்டாமை' மூன்றும் 1990களின் முதல் பாதியில் வந்தவை. மூன்றிலும் நம் ஊர்ப் போடியார் (பெரிய வயல்காணிக்காரர்) மாதிரியான ஊர்ப் பெரியவர்தான் தெய்வம், அவர் காலில் விழுவதுதான் பாசம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வெட்டிவிட்டு வந்தவர்களும் ஜெனரேட்டர் பிடித்து, வீடியோ டெக்கில் போட்டு, விசில் அடித்துத்தான் பார்த்தார்கள். எந்தக் காலத்திலும் ஆளும் வர்க்கத்தின் கருத்துகளே ஆளும் கருத்துகள் என்று மார்க்சும் எங்கெல்சும் 1840களிலேயே எழுதிவிட்டார்கள்.

வட்டைக்காரன், அக்கரைப்பற்று:
அண்ணன், படம் பார்க்கிறவன் அவ்வளவு ஏமாளியா? என் வாப்பா முல்லைக்காரராக, அதாவது போடியாரின் வயலில் வேலை செய்பவராக, இருந்தவர். இரவு 'எஜமான்' பார்த்து ரசிப்பார். மறுகா விடிந்ததும் கூலி நெல்லுக்குப் போடியாரோடு சண்டை. "படத்தில் வாற எஜமானைப் போல நடங்களேன்" என்றுதான் கேட்பாராம்! ஆள்கிறவன் சம்மதம் வாங்க வேண்டுமென்றால் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். இத்தாலிய மார்க்சியர் கிராம்சி சொல்வதும் இதைத்தானே?

வாவிக்கரையான்:
தம்பி, வாப்பா கேட்டது நல்ல போடியாரை. போடியாரே வேண்டாம் என்று கேட்கவில்லை. படம் ஜெயிப்பது அந்த இடத்தில்தான். எம்.ஜி.ஆர். படங்களைப் பற்றி ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலைப் படியுங்கள். ஏழை நாயகன் கெட்ட பணக்காரனைத் திருத்துவான், சொத்து இருந்த இடத்திலேயே இருக்கும்.

கல்முனைக்காரி:
'காலா'வை ஒரு வரியில் தாண்டிப் போனால் எப்படி அண்ணா? அதில் தாராவி சனம் வேலைக்குப் போகாமல் நிற்கிறது, மும்பையே முடங்குகிறது. நிலம் யாருக்கு என்று நேராகவே கேட்கிறது. அப்புறம், வர்க்கம் வர்க்கம் என்கிறீர்களே, சாதி எங்கே? நம் ஊரில் போடியார் என்றால் காணி மட்டுமா, சாதியும் குடியும் (தாய்வழி வம்சமும்) சேர்ந்ததுதானே.

வாவிக்கரையான்:
சாதி விஷயம் சரி, மறுக்கவில்லை. ஆனால் 'காலா' வெளியானது 2018 ஜூன் 7. அதற்கு முந்தைய மாதம்தான் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் செம்பு ஆலையை எதிர்த்தவர்கள் மீது பொலிஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். அங்கே போய்வந்த ரஜினி, எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றார். திரையில் வேலைநிறுத்தம், வெளியே இந்தப் பேச்சு. டிக்கெட் காசு மட்டும் ஒரே பக்கம் போகிறது.

கல்முனைக்காரி:
நடிகர் பேசியதற்கு இயக்குநர் ரஞ்சித்தின் படம் என்ன செய்யும்? காலாவை நீங்கள் கொஞ்சமாவது நம்பியதால்தானே ரஜினி மேல் இவ்வளவு கோபம் வருகிறது!

வட்டைக்காரன்:
தங்கச்சி பிடித்துவிட்டா. அண்ணன், 'கத்தி'க்கு வாங்க. குழாய்க்குள் இறங்கிச் சென்னைத் தண்ணீரை மறித்தது வயதான சனம்தான். ஆனால் திட்டம் போட ஏன் விஜய்யே வரவேண்டியிருந்தது? அதற்கு என்னிடமும் பதில் இல்லை.