புதுப்பிப்பு: தச்சுவேலை தெரியாமல் வீடு கட்டப் போனோம்

பணி ஓய்வுக்குப் பிறகு ஆர்வி வண்டியில் (உள்ளேயே தங்கும் வசதி உள்ள வண்டி) அமெரிக்காவைச் சுற்றும் எங்களுக்கு வீடு கட்டித்தரும் தொண்டு நிறுவனமான ஹேபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டியின் கேர்-ஏ-வேனர்ஸ் குழுவில் (ஆர்வியில் போய் வீடு கட்ட உதவும் தன்னார்வலர்கள்) இடம் கிடைக்குமா, தச்சுவேலை தெரியாதே என்று போன மாதம் கேட்டிருந்தேன். கிடைத்தது, இரண்டு வாரம் முடித்து நேற்றுதான் கிளம்பினோம். முன் அனுபவம் தேவையில்லை, பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறார்கள். முதல் நாள் அடித்த ஆணியெல்லாம் வளைந்தது, அப்புறம் ரசமட்டம் வைத்துச் சுவர்ச்சட்டம் நிறுத்தும் வரை வந்துவிட்டேன். வீடு பெறும் குடும்பத்துக்கு அது இலவசம் இல்லை, அவர்கள் தாங்கக்கூடிய தவணை, கூடவே அவர்களுடைய உழைப்பும். அந்தக் குடும்பத்து அம்மா வேலைக்குப் போய்விட்டு வந்தும் எங்களோடு மரம் தூக்கினார். மகளின் அறை வரப்போகும் சட்டத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பூ வரைந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த குளிர்காலத்துக்கும் பெயர் கொடுக்கப் போகிறோம்.