சத்தமில்லாத, வேகமான டெஸ்க்டாப்: இந்தப் பாகங்கள் சரியா? கொஞ்சம் அவசரம்

தனிமரம்:
வணக்கம். புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். நல்ல வேகம் வேண்டும், சத்தம் வரவே கூடாது. இப்போது இருப்பது நாள் முழுக்க ‘ங்ங்ங்’ என்று ரீங்காரம் போடுகிறது, தலையே வலிக்கிறது. பட்டியல் இது: ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸர், 360 மிமீ லிக்விட் கூலர், ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 64 ஜிபி டிடிஆர்5 ரேம், 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 850 வாட் பவர் சப்ளை, முன்பக்கம் கண்ணாடி வைத்த கேஸ். நாளைக்குள் ஆர்டர் போட வேண்டும். எதை மாற்றலாம்?

சுழலி:
என்ன வேலைக்கு என்று சொல்லவே இல்லையே? கேமா, எடிட்டிங்கா? கேஸ் மேசைமேல் இருக்குமா, கீழேயா? பழைய கம்ப்யூட்டரிலிருந்து எதையாவது இதற்கு மாற்றுகிறீர்களா?

கம்பிவலை:
வேலை எதுவானாலும் அந்தக் கண்ணாடி முகப்பை விட்டுவிடுங்கள். காற்று உள்ளே வர வழியில்லை என்றால் எல்லா ஃபேனும் மூச்சு வாங்கித்தான் சுற்றும். முன்னால் வலை வைத்த கேஸில் பெரிய 140 மிமீ ஃபேன் இரண்டு போட்டு மெதுவாக ஓடவிடுங்கள். ஃபேன் வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். இதற்கு இணையாக வேறெதுவும் இல்லை.

மூத்தகுடி:
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். முன்பே எழுதியவற்றைத் தேடிப் படித்துவிட்டு வந்தால் எங்களுக்கும் நேரம் மிச்சம். 170 வாட் பிராசஸரை வாங்கிவிட்டு அமைதி வேண்டும் என்பது அடிப்படையே தெரியாமல் கேட்பது. 65 வாட் 9700எக்ஸ் வாங்குங்கள், முடிந்தது.

கயல்விழி:
அவர் என்ன வேலை செய்கிறார் என்பதே தெரியாமல் எட்டு கோர் உள்ள 9700எக்ஸ் போதும் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? 170 வாட் என்பது பெயரளவுதான்; 7950எக்ஸை முழுச் சுமையில் அப்படியே விட்டால் 230 வாட் வரை இழுக்கும், உண்மைதான். ஆனால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்) மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ மோட் இருக்கிறது. 105 வாட் நிலைக்கு மாற்றினால் உச்சமே 142 வாட்தான். பதினாறு கோரும் கையில் இருக்கும், இழக்கிற வேகம் கொஞ்சம்தான். நான் ஒரு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வெண்கலக்குழாய்:
லிக்விட் கூலரை மாற்ற வேண்டாம். தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும். அதனால் பிராசஸர் சூடு திடீரென்று எகிறினாலும் ஃபேன் உடனே பாயாது. தண்ணீரை ஆற்றும் 360 மிமீ ரேடியேட்டரில் மூன்று ஃபேனும் சும்மா நடைபோடும்.

கம்பிவலை:
ஃபேன் நடைபோடும், சரி. பம்ப்? அது ஒரு நொடிகூட நிற்காதே. எனக்கு ரேடியேட்டரைக் கீழே மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். பம்ப்தான் உயரத்தில் இருந்தது, காற்றெல்லாம் அங்கே சேர்ந்து இரண்டு மாதம் கொப்பளிக்கிற சத்தம். பிராசஸர்மேல் மாட்டும், பம்ப் இல்லாத ஏர் கூலரில் கெட்டுப்போக ஃபேனைத் தவிர என்ன இருக்கிறது?

வெண்கலக்குழாய்:
அது மாட்டியதில் வந்த தவறு, கூலரின் தவறு இல்லை. ரேடியேட்டரை மேல் கூரையில் மாட்டினால் காற்று அங்கே போய்விடும். நல்ல பம்பைக் குறைந்த வேகத்தில் வைத்தால் காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும்.

கம்பிவலை:
காதுக்குக் கேட்காதது மைக்குக்குக் கேட்கும்.

சுழலி:
இருவரும் நிறுத்துங்கள், கேட்டவரைக் காணோம். தனிமரம், என் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

தனிமரம்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பாட்டு ரெக்கார்டிங், வீடியோ எடிட்டிங் இரண்டும். மைக் அதே அறையில்தான். கேஸ் மேசைமேல். பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டை மட்டும் இதற்கு மாற்றுவேன், எல்லா ரெக்கார்டிங்கும் அதில்தான் இருக்கிறது. 7200 ஆர்பிஎம்.

சுழலி:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. 120 ஹெர்ட்ஸில் ஒரு தாழ்ந்த ஹம். கேஸ் தகடு அதைப் பிடித்து மேசைக்குக் கடத்தும், மேசை மைக் ஸ்டாண்டுக்குக் கடத்தும். உங்கள் ‘ங்ங்ங்’ இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கேஸுக்குள் ஒட்டுகிற ஃபோம் கீச்சென்ற உயர்ந்த சத்தத்தைக் குறைக்கும், இந்த ஹம்மை ஒன்றும் செய்யாது. இப்போதே சோதிக்கலாம்: கம்ப்யூட்டரை அணைத்து, அந்த இரண்டு டிஸ்கின் பவர் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு ஆன் செய்து கேளுங்கள்.

சத்தம் நின்றுவிட்டால் புதுசில் அவற்றை மாட்டவே வேண்டாம். வேறு அறையில் ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டி) வைத்து நெட்வொர்க் ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள். நடக்கிற வேலை என்விஎம்இயில் இருக்கட்டும்.

இன்னொன்று. ரெக்கார்டிங் நடக்கும்போது பிராசஸருக்குப் பெரிய சுமை இருக்காது. எடிட் செய்த வீடியோவை உருவாக்கும் ரெண்டர் ஓடும்போது நீங்கள் பாடப் போவதில்லை. அதனால் சுமை குறைவாக இருக்கும்போது என்ன கேட்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரே சீரான சத்தத்தைவிட, ஏறி இறங்குகிற சத்தம்தான் காதை உறுத்தும். பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதம் கொடுங்கள். 850 வாட் சரி, பாதிச் சுமையில்தான் ஓடும். குறைந்த சுமையில் ஃபேன் நிற்கும் வகையா என்று மட்டும் பாருங்கள்.

மூத்தகுடி:
கிராபிக்ஸ் கார்டின் காயில் வைன் (அதன் மின்சுருள்கள் அதிர்ந்து கீச்சிடுவது) பற்றி ஒருவரும் பேசவில்லை. அதற்கு ஃபேனை மாற்றிப் பயனில்லை. திரையில் நொடிக்கு வரும் ஃபிரேம் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கும்.

கயல்விழி:
இது பயனுள்ள தகவல். முதல் பதிலிலேயே இப்படி எழுதியிருக்கலாமே.

தனிமரம்:
கழற்றிப் பார்த்தேன். ரீங்காரம் நின்றுவிட்டது. இத்தனை நாள் ஃபேனைத் திட்டிக்கொண்டிருந்தேன். டிஸ்க் இரண்டும் பக்கத்து அறைக்குப் போகின்றன. வலை முகப்புக் கேஸ், ஏர் கூலர் நாக்டுவா என்எச்-டி15, ஈக்கோ மோட். ஆர்டர் போட்டாயிற்று. எல்லோருக்கும் நன்றி, சுழலிக்குத் தனியாக.

கம்பிவலை:
மகிழ்ச்சி. அந்தக் கூலரின் உயரம் 165 மிமீ, கேஸில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? ரேம் 32 மிமீக்கு மேல் உயரம் என்றால் முன் ஃபேனைத் தூக்கி மாட்ட வேண்டிவரும், அப்போது 165ம் போதாது. எந்த ரேம் வாங்கினீர்கள்?

கம்பிவலை:
தனிமரம்?