ரொம்பின் கடலில் ஒரு நாள்: சுண்டி இழுக்காமல் இருக்கக் கற்றுக்கொண்ட கதை

மலேசியாவில், பகாங் கரையோரமுள்ள கோலா ரொம்பினுக்குப் போய் வாடகைப் படகெடுத்துத் தூண்டில் போட வேண்டும் என்று நானும் என் நண்பனும் பேசத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்ற செப்டம்பரில்தான் அது கைகூடியது. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று இறங்கிவிட்டால் பகாங் மாநிலத்தின் கிழக்குக் கரையில் பிப்ரவரி வரை சிறிய படகுகள் கடலுக்குள் போவது அரிது என்பதால், அதற்கு முன்பே போய்வந்துவிட வேண்டும் என்று நண்பன் பிடிவாதமாக நின்றான்.

எங்கள் இருவருக்கும் மீன்பிடிக்கும் பழக்கம் ஒரே இடத்தில் தொடங்கியது. நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். மூங்கில் கழி, பழைய செருப்பிலிருந்து வெட்டியெடுத்த மிதவை, ரப்பர் மரக்காட்டு ஈரமண்ணில் தோண்டிய மண்புழு ஆகியவற்றோடு குட்டையோரம் உட்கார்ந்து விராலும் கெளுத்தியும் பிடித்த கைகள் எங்களுடையவை. மிதவை அமிழ்ந்த நொடியிலேயே கழியைச் சுண்டி இழுக்க வேண்டும், தாமதித்தால் மீன் போய்விடும் என்பதுதான் அங்கே நாங்கள் படித்த முதல் பாடம். அந்தப் பாடம் ரொம்பினில் எங்களுக்கு எதிராக நிற்கும் என்று அப்போது தெரியாது.

முதல் நாள் இரவே பகாவ், முவாட்சாம் ஷா வழியாக ரொம்பின் போய்ச் சேர்ந்து, ஆற்றங்கரைக் கடையொன்றில் அவ்வூருக்குப் பேர்போன ஆற்று இறாலைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். காலை ஏழரை மணிக்குப் படகுத்துறையிலிருந்து படகு புறப்பட்டது. நான்கு பேர் ஏறக்கூடிய படகை நாங்கள் இருவர் மட்டுமே எடுத்திருந்தோம். செலவு கூடுதல்தான், ஆனாலும் முதல் முறை போகிறவர்கள் படகோட்டியின் கவனம் முழுவதையும் பெறுவதற்கு அது தகும் என்றே இன்றும் நினைக்கிறேன். படகோட்டியை அங்கே தெகோங் என்பார்கள். எங்கள் தெகோங் அறுபது வயதை நெருங்கிய மலாய்க்காரர். நாங்கள் அவரைப் பாக் சிக் (மாமா) என்றே அழைத்தோம். குமட்டல் மாத்திரையை நான் படகுத்துறையில் வைத்துத்தான் விழுங்கினேன், அது பெரும் பிழை. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். அதற்குரிய விலையைக் காலை பத்து மணி வரை படகின் விளிம்பில் குனிந்தபடியே கொடுத்தேன்.

முதல் வேலை உயிர் இரை பிடிப்பது. கடலடியில் கயிற்றால் நங்கூரமிட்டுத் தென்னை ஓலைகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் ‘உஞ்சாம்’ என்னும் மீன்கூடுகள் அந்தக் கடலில் பல இடங்களில் உண்டு. ஓலையின் நிழலில் சிறு மீன் ஒதுங்குகிறது, அதைத் தேடிப் பெரிய மீன் வருகிறது. பளபளக்கும் இழைகள் கட்டிய சிறு முட்கள் வரிசையாகத் தொங்கும் ‘அப்போலோ’ தூண்டிலை இறக்கியவுடன், தம்பான், செலார் என்னும் சிறு மீன்கள் ஒரே இழுப்பில் மூன்று நான்காக ஏறி வந்தன. அவற்றைக் கையால் பிடிக்காமல், நேராகப் படகின் தொட்டிக்குள் உதறிவிட வேண்டும் என்றார் பாக் சிக். செதில் உதிர்ந்த இரை நெடுநேரம் உயிரோடு இராது.

நாங்கள் தேடிப் போனது ‘இக்கான் லாயாரான்’. தமிழ்நாட்டுக் கடற்கரையில் அதையே மயில்மீன் என்பார்கள். முதுகில் பாய்போல் விரியும் துடுப்பும், ஈட்டிபோல் நீண்ட மேல் அலகும் கொண்ட அந்த மீன்கள் சிறு மீன் கூட்டத்தைச் சுற்றிவளைத்து மேல்மட்டத்துக்கு நெருக்கிக்கொண்டு வரும். அலகால் தட்டியும் வீசியும் இரையைத் தடுமாறச் செய்து பிடிக்கும். அப்போது மேலே ஆலாப் பறவைகள் வட்டமிட்டு விழுந்து எழும். பாக் சிக் மீன் இருக்குமிடம் காட்டும் கருவியை விடப் பறவைகளைத்தான் அதிகம் நம்பினார். உயரத்தில் சுற்றும் பறவைக்குப் பின்னால் போகாதே, நீருக்கு அருகே விழும் பறவையிடம் போ என்று அவர் சொன்னதை அன்று முழுவதும் கண்ணால் கண்டேன்.

பத்தரை மணியளவில், தியோமான் தீவு நீலக் கோடாகத் தெரியும் திசையில், தண்ணீருக்கு மேல் பாய்போன்ற கரிய துடுப்பொன்று எழுந்து மடங்கியது. நண்பன் உயிர்த் தம்பானை வீசினான். இரை துடித்தது, சரடு ஓடத் தொடங்கியது, மறுநொடியே அவன் கழியைச் சுண்டி இழுத்தான். வெறும் முள் பறந்து வந்தது. பாக் சிக் கோபப்படவில்லை. “ஜாங்கான் செந்தாக்” என்று மட்டும் சொன்னார். சுண்டாதே என்பது பொருள்.

எங்கள் தூண்டிலில் இருந்தது வட்ட முள். சாதாரண முள்ளின் கூர் மேல்நோக்கி இருக்கும். இதன் கூரோ உள்நோக்கி, முள்ளின் தண்டைப் பார்த்து வளைந்திருக்கும். மீன் இரையை விழுங்கித் திரும்பி நீந்தும்போது சரடு இறுக, முள் தொண்டையில் எங்கும் குத்தாமல் வழுக்கி வந்து, தாடையின் ஓரத்தில் தானாக மாட்டிக்கொள்கிறது. நாம் சுண்டினால் அது மாட்டுவதற்கு முன்பே வாயிலிருந்து உருவி வந்துவிடும். பிடித்த மீனை உயிரோடு திருப்பி விட வேண்டும் என்பதற்காகவே இதைப் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் சாதாரண முள் வயிற்றுக்குள் போய்விட்டால், விட்டபின் மீன் பிழைப்பது கடினம். இவ்வளவும் நண்பனுக்கு நன்றாகவே விளங்கியது. ஆயினும் இரண்டாவது மீன் இரையை எடுத்தபோதும் அவன் கை தன் போக்கில் சுண்டியது. நாற்பது ஆண்டுப் பழக்கம் ஒரு விளக்கத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

இடையில் ஓர் உஞ்சாமின் அருகே அடித்தூண்டில் இறக்கி, ஐந்தாறு கிலோ தேறும் கடல் விரால் ஒன்றைப் பிடித்தோம். மலாயிலும் இதன் பெயர் ‘ஆருவான் தாசிக்’; ஆருவான் என்றால் விரால். இரு மொழிக்காரர்களும் ஒரே சாயலைக் கண்டு ஒரே பெயரை வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மூன்றாவது வாய்ப்பு பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வந்தது. பறவைகள் நூறு அடி தூரத்தில் விழுந்துகொண்டிருந்தன. நண்பன் வீசிவிட்டு என் பக்கம் திரும்பி, “என் முழங்கையைப் பிடிச்சுக்கடா, விடாதே” என்றான். அவன் வலது முழங்கையை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சரடு ஓடியது, அவன் தசை சுண்டுவதற்குத் துடித்ததை என் விரல்களில் உணர்ந்தேன். “துங்கு, துங்கு” (பொறு, பொறு) என்று பாக் சிக் எண்ணுவதுபோல் சொல்லிக்கொண்டே வந்து, பிறகு மெதுவாக ரீலைச் சுற்றச் சொன்னார். சரடு இறுகியது, கழி வளைந்தது, அறுபது எழுபது அடிக்கு அப்பால் அந்த மீன் முழு உடலோடும் கடலுக்கு மேலே எழுந்து தலையை உதறியது.

அதன் பிறகு இருபத்தைந்து நிமிடம். மீன் துள்ளும்போதெல்லாம் கழியின் நுனியைத் தாழ்த்திச் சரட்டைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அதன் எடையே சரட்டை அறுத்துவிடும். ஓடும்போது ஓட விட்டு, நிற்கும்போது மட்டும் சுற்ற வேண்டும். பாக் சிக் படகை மீனுக்குப் பின்னாலேயே செலுத்தியதால் போராட்டம் அதற்கு மேல் நீளவில்லை. நீளாமல் பார்த்துக்கொள்வதும் படகோட்டியின் பொறுப்பே என்று அவர் சொன்னார். களைத்துப்போன மீனை விட்டால் அது மூழ்கிச் சாகலாம்.

படகருகே வந்தபோது அதன் உடல் மங்கிய பழுப்பாக இருந்தது. சுமார் முப்பது கிலோ இருக்கும். உறை போட்ட கையால் பாக் சிக் அலகைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, நண்பனுக்கு உறையொன்றைக் கொடுத்து அவனையே பிடிக்கச் சொன்னார். இந்த மீனைப் படகுக்குள் தூக்கி மடியில் கிடத்திப் படம் எடுப்பவர்களைப் பற்றி இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீந்திக்கொண்டே இருந்தால்தான் இதன் செவுள் வழியே போதிய நீர் பாயும். வெளியே தூக்கிய ஒவ்வொரு நொடியும் அதற்கு மூச்சுத்திணறல். நாங்கள் மீனைத் தண்ணீரிலேயே வைத்து, படகை மெல்ல முன்னே செலுத்தினோம். நண்பன் விளிம்பில் படுத்தபடி, அரம்போல் சொரசொரத்த அந்த அலகைப் பிடித்திருந்தான். இரண்டு மூன்று நிமிடங்களில் பழுப்பு கரைந்து, விலாவில் நீலக் கோடுகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. வாலை ஒருமுறை வலுவாக வீசியது. அவன் கையைத் திறந்தான்.

உறை போடாத இடக்கையும் எப்போதோ அலகில் உரசியிருக்கிறது. உள்ளங்கை முழுவதும் மெல்லிய கீறல்கள். அவன் அதைப் பார்த்துவிட்டுக் கழியை என்னிடம் நீட்டி, “அடுத்தது உன் முறைடா” என்றான். நான்கு மணி வரை தேடியும் பறவைகள் மறுபடி இறங்கவில்லை. மேற்கில் மழைமேகம் கட்டியதும் பாக் சிக் படகைக் கழிமுகத்தை நோக்கித் திருப்பினார். என் முறை இன்னும் பாக்கியிருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமைக்கு அதே படகைச் சொல்லி வைத்திருக்கிறோம். அன்று என் முழங்கையை அவன் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு.