என்.டி. 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் நார்மலா? யார் சொன்னது?

சோனோ_மதுரை:
என்.டி. என்பது 12 வார ஸ்கேனில் குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் தெரியும் நீரின் தடிமன்; அது கூடினால் டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுக்கு வாய்ப்பு கூடும். அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது: "என்.டி. 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் குழந்தை நார்மல், டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை தண்டச் செலவு." எழுதியவர் பெயருக்குப் பின்னால் பட்டம் வேறு. குழந்தையின் உச்சி முதல் பிட்டம் வரையிலான சி.ஆர்.எல். நீளம் 45 மி.மீ. இருக்கும்போது என்.டி.யின் 95-வது பர்சன்டைல், அதாவது 100-ல் 95 குழந்தைகள் தாண்டாத கோடு, 2.1. சி.ஆர்.எல். 84 ஆகும்போது அது 2.7. ஆக, 48 சி.ஆர்.எல்.லில் 2.6 வந்தால் 3-க்குக் கீழேதான், ஆனால் கோட்டைத் தாண்டியாச்சு. அதே 2.6, 82 சி.ஆர்.எல்.லில் வந்தால் பேச ஒன்றுமில்லை. எல்லாருக்கும் ஒரே 3 என்றால் சி.ஆர்.எல்.லை எதற்கு அளக்கிறீர்கள், அழகுக்கா?

திருச்சி_ப்ரோப்:
பதிவில் என்ன தப்பைக் கண்டுவிட்டீர்கள்? அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் 2020 வழிகாட்டியிலேயே 3.0 இருக்கிறது. 3 என்று ஒரு கோடு போட்டால் கர்ப்பிணி முதல் மாமியார் வரை எல்லாருக்கும் புரியும். 2.6-க்கெல்லாம் அலறினால் பயத்திலேயே பி.பி. ஏறும்.

சோனோ_மதுரை:
அந்த 3.0, ரத்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் நேரே கவுன்சிலிங், சி.வி.எஸ். (நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் குரோமோசோம் பார்ப்பது) என்று பேசுவதற்கான அளவு. அதற்குக் கீழே இருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கு என்று எங்கே இருக்கிறது? பக்க எண் கொடுங்கள். வயசையும் என்.டி.யையும் மட்டும் வைத்தால் டவுன் சிண்ட்ரோமில் 100-க்குச் சுமார் 75 பிடிபடும். டபுள் மார்க்கரில் பார்க்கும் பேப்-ஏ, ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி. இரண்டும் சேர்ந்தால் 90. இரண்டு வழியிலும் வீண் அலாரம் 5 சதவீதம்தான். நடுவில் இருக்கும் அந்த 15-ஐத்தான் தண்டச் செலவு என்று தூக்கிப் போடுகிறார் உங்கள் பதிவர்.

மகப்பேறு_கோவை:
இரண்டு பேரும் 3-ஐப் பிடித்துத் தொங்குகிறீர்கள். முதலில் அந்த 2.6 சரியான 2.6-தானா? ரிப்போர்ட்டோடு வரும் படங்களைப் பார்த்தால் பலவற்றில் குழந்தையை நேர் நடுவில் பக்கவாட்டாகக் காட்டும் நடு வெட்டே இல்லை. மூக்கு நுனி, செவ்வகமாக அண்ணம், நடுவில் கருப்பாக டயன்செஃபலான் என்ற மூளைப் பகுதி, பின்னால் கழுத்துத் தோலின் மெல்லிய கோடு, இத்தனையும் ஒரே படத்தில் வர வேண்டும். கன்ன எலும்பு தெரிந்தால் ப்ரோப் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தலையும் மேல் மார்பும் மட்டும் திரையை அடைத்து நிற்க வேண்டும். கழுத்து நிமிர்ந்திருந்தால் அளவு 0.6 மி.மீ. வரை கூடும், தாடை மார்பில் ஒட்டியிருந்தால் 0.4 வரை குறையும். இவ்வளவு ஆட்டத்தை வைத்துக்கொண்டு 3-ஆ 2.6-ஆ என்று பட்டிமன்றம்!

சோனோ_மதுரை:
மேடம் சொன்னதெல்லாம் சரி, கெயினை (படத்தின் பிரகாசத்தை) விட்டுவிட்டார். படத்தைப் பெரிதாக்கியதும் கெயினைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் கோடு தடித்து மசங்கும். அளவெடுக்கும் குறியான காலிப்பரை அந்த மசங்கல் ஓரத்தில் வைத்தால் நிஜமான 2.6, ரிப்போர்ட்டில் 2.2 ஆகிவிடும். காலிப்பரின் குறுக்குக் கோடு வெள்ளைக் கோட்டின் உள் விளிம்பில், கோட்டோடு கோடாகப் படிய வேண்டும், கருப்பில் மிதக்கக் கூடாது. பல தடவை அளந்து, ஒழுங்காக வந்தவற்றில் பெரியதை எழுத வேண்டும். சராசரி எடுப்பது தொப்புள் கொடி கழுத்தில் சுற்றியிருக்கும்போது மட்டும்: கொடிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. பனிக்குடச் சவ்வான அம்னியானையே தோல் என்று நினைத்து அளக்கிறவர்களும் உண்டு. குழந்தை துள்ளி அதை விட்டு விலகும் வரை பொறுக்க வேண்டும், இல்லையென்றால் அம்மாவை இருமச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் ஒற்றை 3 தேவைப்படுகிறது.

திருச்சி_ப்ரோப்:
ஆமாம், லண்டனின் என்.டி. ஸ்கேன் சான்றிதழைச் சுவரில் மாட்டியவர்கள் மட்டும்தான் ஸ்கேன் அறைக்குள் நுழைய வேண்டும். என்.டி. அளப்பதைப் பரப்பிய லண்டன் மருத்துவர் நிக்கோலைடிஸ் 1992-ல் எழுதிய கட்டுரையிலேயே 3 மி.மீ.தானே வெட்டுக்கோடு? அவர் சொன்னால் வேதம், நாங்கள் சொன்னால் வாட்ஸ்அப்பா?

சோனோ_மதுரை:
அதே நிக்கோலைடிஸ் குழு 1998-ல் 96,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வைத்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியபோது சி.ஆர்.எல்.லோடு சேர்த்துத்தான் கணக்குப் போட்டது. அவர் நகர்ந்துவிட்டார். நீங்கள் 1992-லேயே கடை விரித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். 48-க்கு 2.6. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

லேப்_சேலம்:
உங்கள் 2.6 எங்களுக்கு வந்து சேர்ந்தால்தானே! டபுள் மார்க்கர் ஃபார்மில் என்.டி. கட்டம் காலி, சி.ஆர்.எல். கட்டம் காலி. எடை இல்லை, சர்க்கரை உண்டா, ஐ.வி.எஃப்.பா, இரட்டையா ஒன்றும் இல்லை. தானமாக வாங்கிய கருமுட்டை என்றால் கொடுத்தவரின் வயசைத்தான் போட வேண்டும், அம்மாவின் வயசைப் போட்டு அனுப்புகிறார்கள். ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரிக்காமல் பைக் டிக்கியில் வைத்து வெயிலில் ஊர் சுற்றிக் கொண்டுவந்தால் முழு எச்.சி.ஜி. பிரிந்து ஃப்ரீ பீட்டா ஏறிவிடும், ரிஸ்க் பொய்யாகக் கூடும். கடைசியில் லேப் சரியில்லை என்பீர்கள்.

மகப்பேறு_கோவை:
லேப் சரியில்லைதான். ரிஸ்க் 240-ல் 1 என்று வந்தால் சிவப்பு எழுத்தில் 'ஸ்கிரீன் பாசிட்டிவ்' என்று அடித்து அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுக்கிறீர்கள். 240 பேரில் 239 பேருக்கு அந்தக் கோளாறு இல்லை என்று யார் சொல்வது?

லேப்_சேலம்:
250-ல் 1 என்ற வெட்டுக்கோட்டை நாங்களா வைத்தோம்? ரிப்போர்ட்டைப் பிரித்துச் சொல்லத்தானே மேடம் ஃபீஸ் வாங்குகிறீர்கள்?

நெல்லை_ஜீன்:
பேசாமல் எல்லாருக்கும் 10 வாரத்தில் என்.ஐ.பி.டி. (அம்மாவின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ.வைப் பார்ப்பது) எடுத்துவிட்டால் இந்த 0.1 மி.மீ. சண்டையே வேண்டாம். டவுனுக்கு 99 சதவீதம் பிடிக்கிறது.

சோனோ_மதுரை:
விலையைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி. மண்டை ஓடே உருவாகாத குழந்தையை என்.ஐ.பி.டி. காட்டுமா? 12 வார ஸ்கேன் காட்டும். என்.டி. 3.5 தாண்டினால் குரோமோசோம் நார்மலாக இருந்தாலும் இதயக் கோளாறுக்கு வாய்ப்பு கூடுதல், ஃபீட்டல் எக்கோ (கருவின் இதய ஸ்கேன்) பார்த்தே ஆக வேண்டும். உங்கள் ரத்தக் குழாயில் இதெல்லாம் தெரியாது.

திருச்சி_ப்ரோப்:
சரி, உறுப்புக் கோளாறு பார்க்கும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனில் நியூக்கல் ஃபோல்டுக்கு (பின்கழுத்துத் தோல் மடிப்புக்கு) 6 மி.மீ. என்று ஒற்றைக் கோடு வைத்திருக்கிறீர்களே, அங்கே மட்டும் இனிக்கிறதா?

சோனோ_மதுரை:
அது வேறு வாரம், வேறு வெட்டு. சிறுமூளை தெரியும் குறுக்குத் தளத்தில் மண்டை எலும்பின் வெளி விளிம்பிலிருந்து தோலின் வெளி விளிம்பு வரை அளப்பது. என்.டி.யையும் நியூக்கல் ஃபோல்டையும் ஒன்று என்கிறவரோடுதான் இவ்வளவு நேரம் மாரடித்தேனா? 48-க்கு 2.6, பதில் எங்கே?

திருச்சி_ப்ரோப்:
ஒன்று என்று நான் எங்கே சொன்னேன்? கிளிப்பிள்ளை மாதிரி 48, 2.6, 48, 2.6. அது 3-க்குக் கீழே. முடிந்தது.

மகப்பேறு_கோவை:
அனாமலி ஸ்கேன் என்றதும் ஞாபகம் வருகிறது. அதை 22-வது வாரத்துக்குத் தள்ளுகிறவர்களை யார் கேட்பது? 18-லிருந்து 20-க்குள் அனுப்ப வேண்டும். 22-ல் கோளாறு தெரிந்து பனிக்குட நீர் எடுத்தால் செல்களை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம், 24 தாண்டிவிடும். 2021 கருக்கலைப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 24 தாண்டினால் கலைக்க மெடிக்கல் போர்டு முன்னால் நிற்க வேண்டும்.

நெல்லை_ஜீன்:
கல்ச்சருக்கு ஏன் காத்திருக்கிறீர்கள்? ஃபிஷ் என்ற வேகமான குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பினால் சில நாளில் முக்கியமான குரோமோசோம்களுக்கு விடை வந்துவிடும். இதயம் 22-ல் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதையும் மறைக்காதீர்கள்.

மகப்பேறு_கோவை:
நான்கு அறையை மட்டும் பார்த்து 'இதயம் நார்மல்' என்று எழுதுகிறவர்களுக்கு 22 என்ன, 32 என்ன? பெருந்தமனிகள் இடம் மாறியிருந்தாலும் நான்கு அறை பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். மூன்று ரத்த நாளங்கள் தெரியும் தளம் வரை ப்ரோபை மேலே நகர்த்தினால்தான் தெரியும். வாரத்தைத் தள்ளுவது கை வராததற்குச் சாக்கு.

நெல்லை_ஜீன்:
குண்டான அம்மாவுக்கு 18-ல் அந்தத் தளத்தை எடுத்துக் காட்டுங்கள், பிறகு கை வராததைப் பற்றிப் பேசலாம்.

சோனோ_மதுரை:
இழையைத் திசை திருப்பாதீர்கள். பக்க எண் இன்னும் வரவில்லை.

லேப்_சேலம்:
பைக் டிக்கிக்கும்தான் பதில் வரவில்லை. ஒரு ஐஸ் பெட்டி வாங்க எவ்வளவு ஆகிவிடும்?