காலையில் தைராய்டு மாத்திரை, அதே நேரம் சீனியும் இறங்குகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து வீடு. அம்மாவுக்கு 67 வயது. இனிப்புநீர் (நீரிழிவு) ரொம்ப வருசமாக. தைராய்டு குறைவு போன வருசம்தான் தெரிந்தது. 30/70 கலவை இன்சுலின் காலையும் இரவும், தைராய்டுக்கு லெவோதைராக்சின் மாத்திரை 75 மைக்ரோகிராம், கால்சியம் மாத்திரை.

சிக்கல் விடியற்காலையில்தான். தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் கொடுத்து ஒரு மணி நேரம் பசியாறாமல் வைத்தால் வேர்த்து, கை நடுங்குகிறது. விரலில் குத்தி ரத்தச் சீனி பார்த்தால் 3.6, 3.8 mmol/L, அதாவது குறைவு. உடனே மூன்று டீஸ்பூன் சீனி கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ரொட்டியும் பால் காப்பியும் கொடுத்துவிடுகிறோம். வயிற்றில் சாப்பாடு இருந்தால் அப்புறம் மாத்திரை எங்கே உடம்பில் சேரும்? தீபாவளிக்குப் பிறகு எடுத்த டிஎஸ்எச் (தைராய்டு ரத்தச் சோதனை, குறைவு கூடினால் இது ஏறும்) 11.2. முன்பு 8 தான்.

கால்சியமும் தைராய்டு மாத்திரையைச் சேரவிடாது என்பதால் அதை மதியத்துக்கு மாற்றியாயிற்று, இரண்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. ஊசி போடும் இடத்தையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம், கட்டி எதுவும் இல்லை. டாக்டர் இரவு இன்சுலினைக் குறைத்தார். கொஞ்சம் பரவாயில்லை, நிற்கவில்லை. தைராய்டு மாத்திரையைப் படுக்கும்போது கொடுக்கலாம் என்றார் மருந்தாளர், ஆனால் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டுமாம். அம்மாவோ பத்து மணிக்கு பிஸ்கட் சாப்பிட்டால்தான் ராத்திரி சீனி தாங்குகிறது.

டாக்டரைப் பார்க்கும் தவணை அடுத்த மாதம். அதுவரை அளவை நாங்களாக மாற்றப் போவதில்லை.

இங்குள்ள மிஸிகளிடம் (தாதியரிடம்) ஒரே கேள்வி: படுக்கும்முன் பிஸ்கட் கட்டாயமான நோயாளிக்கு, வார்டில் லெவோதைராக்சினை எந்த நேரத்தில் கொடுப்பீர்கள்?