பொருள்: ‘ட்ரிஃப்ட்’ பார்ப்பதற்குத் தமிழ் (திங்கள் கெடு)

வணக்கம். பெருங்குளம் பக்கம் எரிவாயுக் கிணறு தோண்டும் தளத்தில் மாட்டும் பாதுகாப்புப் பலகையைத் தமிழாக்குகிறேன். துரப்பணக் குழாயை இறக்குமுன் உள்ளே அடைப்பு இல்லையே என்று பார்க்க, ஒரு முனையில் உலோக உருளையைப் போட்டு மறுமுனையில் எடுக்கிறார்கள். செயல் ட்ரிஃப்ட், உருளை ராபிட். கைக்கு வந்த வரைவில், ட்ரிஃப்ட் என்றால் நகர்வு என்று கொண்டு, ‘நகர்வுச் சோதனை’ என்றிருக்கிறது. வேலைக்கு வருபவர்களில் கடலுக்குப் போனவர்கள் நிறைய. நீவாட்டில் (கடல் நீரோட்டத்தில்) படகு நகர்வதாக நினைப்பார்கள். திங்கள் காலை அச்சு.
- வழுதூர்

உள் + துளை = உட்டுளை. ‘உட்டுளைத் தேர்வு’ என்க.
- புலவர், பரமக்குடி

ஐயா, இலக்கணம் சரி. பலகையில் பார்ப்பவன் ‘உட்டுட்டான்’ என்று படிப்பானே! ‘குழாய் அளவி’?
- கீழக்கரை

> குழாய் அளவி

அளவி வேண்டாம் தம்பி, அது எதையும் அளக்காது. போகும், இல்லை நிற்கும். 9⅝ அங்குலத்துக்குக் குறைந்த உறைக்குழாய்க்கு (கிணற்றுச் சுவரைத் தாங்க இறக்கும் குழாய்) உருளை 152 மி.மீ நீளம், குழாயின் உள்விட்டத்தைவிட 3.18 மி.மீ குறுகல். அது தடையின்றி வந்தால்தான் பின்னால் போகிற கருவியும் போகும். துருச்செதில், உறைந்த சிமெண்ட், துணி, கையுறை என்று குழாய்க்குள் எதுவும் கிடக்கும். பார்க்காமல் இறக்கினால் துளைமுனையின் தாரைத்துளையில் போய் அடைக்கும். மொத்தக் குழாயையும் மேலே இழுக்க வேண்டியதுதான். தளத்தில் நாங்கள் சொல்வது ராபிட். அப்படியே எழுதுங்கள்.
- உச்சிப்புளி, ரிக்கில் இருந்தவன்

ராபிட் என்றால் முயல். முயலா குழாய்க்குள் ஓடுகிறது? நம்மிடம் ‘தூம்பு’ இருக்கிறது. மலைபடுகடாத்தில் ‘கண்ணிடை விடுத்த களிற்றுயிர்த் தூம்பின்’: மூங்கிலின் கணுக்களை உள்ளே திறந்துவிட்ட கருவி, யானை பெருமூச்சு விடுவதுபோல் ஒலிப்பது. கணுவைத் திறந்தால்தானே மூச்சு போகும்? ஆகவே இது ‘கண்விடு சோதனை’. தூம்பு மடைக்கும் பெயர். நம் மாவட்டத்துக் கண்மாயும் கண்வாய்தான் என்பேன்.
- தமிழாசிரியர், தேவிபட்டினம்

மடை என்றதும் ஒன்று. ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பது ஏன்? ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரையால் ஒரே மூச்சில் பறக்க முடியாது என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.
- திருவாடானை

நாரையைத் திங்கட்கிழமைக்குப் பிறகு பறக்கவிடலாமா? ‘கண்விடு’ என்று போட்டால் கண் மருத்துவ முகாம் என்று வரிசையில் நிற்பார்கள். நான் எழுதியது இது: ‘குழாயில் கட்டை விட்டுப் பாருங்கள். குழாயைத் தூக்கும்போது கட்டை கீழ்வாயில் விழும், அங்கே நிற்காதீர்கள். கட்டை வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே குழாயை மாட்டுங்கள்.’ உள்ளேயே தங்கிவிட்டால் கட்டையே அடைப்பு.
- வழுதூர்

இரும்பு உருளையைக் கட்டை என்பதா?
- புலவர், பரமக்குடி

கடையில் இருக்கும் எடைக்கல் எதனால் ஆனது ஐயா?
- கீழக்கரை

கட்டை போதும். பக்கத்தில் ‘ராபிட்’ என்றும் ஒருமுறை போடுங்கள். ராத்திரி ஷிஃப்டில் அதைத்தான் கத்துவார்கள்.
- உச்சிப்புளி

அப்படியே ஆகட்டும்.
- தேவிபட்டினம் (அரை மனதோடு)

பலகைக்குக் கட்டை போகட்டும். கலைச்சொல் பட்டியலில் ‘புழைத் தேர்வு’ என்பதை என் தரப்பாகப் பதிவு செய்க. யானைக்குப் ‘புழைக்கை’ என்ற பெயர் இருக்கும்வரை புழைக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை.
- புலவர், பரமக்குடி

புழை என்று ஆகிவிட்டால், கண்மாய் மடையிலும் புழை உண்டே?
- திருவாடானை